சுமாரான மார்க்கோடு பல்கலைக்கழகம் போக முடியுமா?

ஜூன் முதல் வாரம். கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஒரு வீடு. கம்யூனிட்டி காலேஜில் முதல் வருடத்தை முடித்த பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி மாடியறையில் உட்கார்ந்து போனில் ரிசல்ட் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கால்குலஸில் எஃப். வேதியியலில் சி. மற்ற ஐந்து பாடங்களில் ஒரு ஏ, இரண்டு பி, இரண்டு சி. ஜிபிஏ என்கிற சராசரி கிரேடு புள்ளி, நான்குக்கு 2.2. கீழே சமையலறையில் அம்மா யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருக்கிறார்: "ரெண்டு வருஷம்தான், அப்புறம் பெர்க்லிக்கு மாறிடுவா."

அந்தப் பெண் அன்றிரவு தேடப்போகும் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடலாம். முடியும். 2.2-ஐ வைத்துக்கொண்டும் நான்காண்டுப் பட்டம் தரும் பல்கலைக்கழகத்துக்கு மாற முடியும். பெர்க்லி கிடைப்பது மிகக் கடினம். ஆனால் கலிபோர்னியாவில் பல்கலைக்கழகம் என்றால் பெர்க்லி மட்டும் இல்லை. இந்த வழியைத் திட்டமிட்டே கட்டி வைத்திருக்கிறார்கள், அதுவும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே.

1960-இல் கலிபோர்னியா மாநிலம் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. அதன் பின்னால் இருந்த முக்கியமான மனிதர் கிளார்க் கெர், அப்போது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவர். பள்ளி முடிப்பவர்களில் மேல்மட்ட எட்டில் ஒரு பங்கினருக்கு யூசி என்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகம். மேல்மட்ட மூன்றில் ஒரு பங்கினருக்கு கால் ஸ்டேட் என்கிற மாநிலப் பல்கலைக்கழகம். மற்ற எல்லோருக்கும் கதவு திறந்தே இருக்கும் இரண்டாண்டுக் கல்லூரி, அதாவது கம்யூனிட்டி காலேஜ். இத்தோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் வடிகட்டியாகத்தான் இருந்திருக்கும். இரண்டாண்டுக் கல்லூரியில் படித்துத் தேறியவர்கள் மூன்றாம் ஆண்டில் மேலே ஏறிக்கொள்ளலாம் என்றும் சேர்த்து எழுதினார்கள். கால் ஸ்டேட்டுக்கு 2.0, யூசிக்கு 2.4 என்று அன்று குறித்த குறைந்தபட்ச ஜிபிஏதான், கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு இன்றும் அடிப்படைத் தகுதி.

கம்யூனிட்டி காலேஜ் என்ற ஏற்பாடு அதற்கும் பழையது. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் ஊரில் 1901-இல் தொடங்கிய ஜூனியர் கல்லூரி இன்றும் நடக்கிறது. கலிபோர்னியாவில் முதல் கல்லூரி 1910-இல் ஃப்ரெஸ்னோவில் வந்தது. இன்று அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 116 கம்யூனிட்டி காலேஜ்கள். பாடத்தின் அளவை யூனிட்டில் கணக்கிடுவார்கள்; மாநில மாணவருக்கு ஒரு யூனிட் 46 டாலர். மாற்றலுக்குத் தேவையான 60 யூனிட்டையும் படித்தால் 2,760 டாலர். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் அதுவும் தள்ளுபடியாகும். யூசியில் ஒரே ஆண்டுக் கட்டணம் பதினான்காயிரம் டாலரைத் தாண்டுகிறது.

தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போனவர்கள் நம் எல்லோர் குடும்பத்திலும் இருப்பார்கள். அவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் அமெரிக்காவுக்குப் போன தமிழ்க் குடும்பங்களில் கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயரைச் சத்தமாகச் சொல்ல இன்னமும் ஒரு தயக்கம் இருக்கிறது. "பையன் எங்கே படிக்கிறான்?" என்று கோயிலில் கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். அந்தத் தயக்கம் பிள்ளைகளுக்குச் செய்யும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. முதல் சி வந்ததும் வீட்டில் சொல்ல மாட்டார்கள். சொல்லாததால் ஆலோசகரிடம் போக மாட்டார்கள். போகாததால் அடுத்த செமஸ்டரிலும் அதே தவறைச் செய்வார்கள்.

பெருந்திட்டம் வந்த அதே 1960-இல் பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். சான் ஹோசேயில் இருந்த ஜூனியர் கல்லூரியைக் கூர்ந்து பார்த்து எழுதியது. அங்கே சேரும் பெரும்பாலானோர் நான்காண்டுப் பட்டக் கனவோடு வருகிறார்கள். ஆனால் கல்லூரி அவர்களில் பலரது கனவின் சூட்டை மெல்ல ஆற வைக்கிறது என்றார் அவர். யாரும் முகத்துக்கு நேரே "உன்னால் முடியாது" என்று சொல்வதில்லை. நுழைவுத் தேர்வு, அடிப்படைக் கணக்கு வகுப்பு, தகுதிகாண் பட்டியல், ஆலோசகரின் மென்மையான பேச்சு என்று படிப்படியாக மாணவரே தன் ஆசையைச் சுருக்கிக்கொள்ளும்படி ஆகிவிடுகிறது.

அவர் எழுதியது பழைய கதையாகப் போய்விடவில்லை. நாடு முழுவதும் எடுத்த கணக்கில், கம்யூனிட்டி காலேஜில் சேர்பவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் இளநிலைப் பட்டம் வாங்க விரும்புகிறார்கள். மாற்றல் பெறுபவர்கள் மூன்றில் ஒரு பங்கு. ஆறு ஆண்டுக்குள் பட்டத்தைக் கையில் வாங்குபவர்கள் சுமார் 16 சதவீதம். இந்த மூன்று எண்களுக்கும் இடையில் காணாமல் போனவர்களில் படிப்பில் தோற்றவர்களும் உண்டு. வேலை நேரத்தால், பணத்தால், தவறான பாடத் தேர்வால், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காததால் நின்றுபோனவர்களும் ஏராளம்.

இதில் ஒரு பெரிய பள்ளத்தை கலிபோர்னியா சட்டம் போட்டே மூடியது. முன்பெல்லாம் நுழைவுத் தேர்வில் மார்க் குறைந்தால் மாணவரை இரண்டு மூன்று படி கீழே இறக்கி, மாற்றலுக்குக் கணக்கில் வராத அடிப்படைக் கணக்கு வகுப்புகளில் போடுவார்கள். ஒன்றரை வருடம் அதிலேயே ஓடிவிடும். பாதிப்பேர் அங்கேயே படிப்பை விட்டுவிடுவார்கள். 2017-இல் வந்த ஏபி 705 சட்டம், மாணவர் முதல் ஆண்டுக்குள் மாற்றல் தரத்திலான ஆங்கிலத்தையும் கணக்கையும் முடிக்க அதிகபட்ச வாய்ப்பு தர வேண்டும் என்று கல்லூரிகளைக் கட்டாயப்படுத்தியது. பள்ளி மதிப்பெண்ணையே முக்கியமாகப் பார்த்து வகுப்பில் சேர்க்கிறார்கள். சுமாராகப் படித்த பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய உதவி அண்மைக் காலத்தில் வேறெதுவும் நடக்கவில்லை.

இனி ஃப்ரீமான்ட் பெண்ணின் 2.2-ஐப் பிரித்துப் பார்ப்போம். ஜிபிஏ என்றால் ஏதோ ஜாதகம் என்பது போல் பலர் பயப்படுகிறார்கள். அது வெறும் வகுத்தல் கணக்கு. ஏ-க்கு 4 புள்ளி, பி-க்கு 3, சி-க்கு 2, டி-க்கு 1, எஃப்-புக்குப் பூஜ்யம்; அதைப் பாடத்தின் யூனிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்த யூனிட்டால் வகுக்க வேண்டும். அவள் படித்தது 30 யூனிட். கால்குலஸ் 5 யூனிட், புள்ளி பூஜ்யம். வேதியியல் 5 யூனிட், சி, 10 புள்ளி. மற்ற ஐந்தும் தலா 4 யூனிட்: 16, 12, 12, 8, 8. மொத்தம் 66 புள்ளி. 30-ஆல் வகுத்தால் 2.2.

இதில் அவளைக் கீழே இழுப்பது சி கிரேடுகள் என்று தோன்றும். உண்மையில் அந்த ஒரே ஒரு எஃப்தான். டி அல்லது எஃப் வாங்கிய பாடத்தைக் கம்யூனிட்டி காலேஜில் மறுபடி படிக்கலாம்; புதிய கிரேடு பழையதன் இடத்துக்கு வரும். கோடை விடுமுறையில் கால்குலஸை மட்டும் எடுத்து, பி வாங்கினாள் என்று வைத்துக்கொள்வோம். 15 புள்ளி கூடுகிறது. 81-ஐ 30-ஆல் வகுத்தால் 2.7. ஒரே பாடம், ஆறெட்டு வாரம், அரைப் புள்ளி ஏறிவிட்டது.

இங்கே இன்னொரு விதியும் இருக்கிறது. பலர் தாமதமாகத் தெரிந்துகொண்டு வருந்துவது இதைத்தான். சி வாங்கிய பாடத்தை ஏ ஆக்குவதற்காக மறுபடி எடுக்க முடியாது. சி என்றால் தேர்ச்சி. அது பட்டியலில் அப்படியேதான் இருக்கும். அதை நீர்க்க வைக்க ஒரே வழி, மேலே நல்ல கிரேடுகளை ஊற்றிக்கொண்டே போவதுதான். அதனால் செமஸ்டரின் நடுவில் ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்று தெரிந்தால், டபிள்யூ போட்டு விலகும் கடைசித் தேதி எது என்று பார்த்து வைத்திருப்பது நல்லது. ஒன்றிரண்டு டபிள்யூ இருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வரிசையாக டபிள்யூ இருந்தால் கேள்வி வரும். அரசு உதவித்தொகை வாங்குபவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை: பொதுவாக 2.0 ஜிபிஏவும், எடுத்த யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு முடித்திருப்பதும் அவசியம். விலகிய பாடம் எடுத்த கணக்கில் சேரும், முடித்த கணக்கில் சேராது.

அகடமிக் ரின்யூவல் என்ற வழியும் உண்டு. பழைய காலத்து மோசமான செமஸ்டரை, பிறகு நன்றாகப் படித்ததைக் காட்டி, ஜிபிஏ கணக்கிலிருந்து நீக்கச் சொல்லிக் கல்லூரியிடம் விண்ணப்பிப்பது. எத்தனை யூனிட், எவ்வளவு காலம் கழித்து என்ற விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நீக்கினாலும் பழைய கிரேடு பட்டியலில் தெரியும். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஒன்றையும் மறைக்கக் கூடாது: படித்த எல்லாக் கல்லூரிகள், எல்லாப் பாடங்கள், மறுபடி எடுத்தவை, விலகியவை, அத்தனையும் எழுத வேண்டும். மறைத்தது பிறகு தெரியவந்தால் கிடைத்த இடமே ரத்தாகும்.

அடுத்தது காலம். யூசி, கால் ஸ்டேட் இரண்டுக்கும் விண்ணப்பம் அனுப்பும் காலம் அக்டோபரில் தொடங்கி நவம்பர் முடிவை ஒட்டி மூடும் வழக்கம். அதாவது இரண்டாம் ஆண்டின் முதல் செமஸ்டர் நடந்துகொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். ஃப்ரீமான்ட் பெண் அப்போது காட்டக்கூடியது 2.7. அந்தச் செமஸ்டரில் 15 யூனிட் எடுத்து 3.5 வாங்கினால், ஜனவரியில் யூசி கேட்கும் புதிய விவரத்தில் அவளுடைய ஜிபிஏ 2.97 ஆகியிருக்கும். மே மாதம் இன்னொரு 15 யூனிட்டையும் அதே 3.5-இல் முடித்தால் 3.1. ஆனால் அந்தக் கடைசி எண் வருவதற்குள் பல்கலைக்கழகங்கள் முடிவைச் சொல்லியிருக்கும்.

இதனால்தான் சுமாராகத் தொடங்கியவர்களுக்கு மூன்றாவது ஆண்டு ஒரு வரம். 3.1-ஐக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த அக்டோபரில் விண்ணப்பிப்பதும், 2.7-ஐ வைத்துக்கொண்டு இந்த அக்டோபரில் விண்ணப்பிப்பதும் ஒன்றல்ல. இரண்டே வருடத்தில் முடித்தாக வேண்டும் என்ற வீட்டு நெருக்கடியில் பலர் அவசரப்பட்டு, கிடைத்த இடத்தில் போய் உட்கார்ந்து, பிறகு அங்கிருந்து எங்கும் நகர முடியாமல் நிற்கிறார்கள். யூனிட்டுக்கு 46 டாலர் கட்டும் இடத்தில் கூடுதலாக ஒரு வருடம் இருப்பதால் குடும்பம் நொடித்துப் போகாது.

எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்விக்கு வருவோம். யூசியின் ஆறு வளாகங்கள், டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ், கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு டேக் என்ற உறுதியைத் தருகின்றன. குறித்த ஜிபிஏவும் குறித்த பாடங்களும் இருந்தால் இடம் நிச்சயம். வளாகத்தையும் துறையையும் பொறுத்து 3-ஐ ஒட்டித் தொடங்கி அதற்கு மேலும் கேட்பார்கள். ஒருவர் ஒரு வளாகத்துக்குத்தான் டேக் போடலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற துறைகளைச் சில வளாகங்கள் இதில் சேர்ப்பதில்லை. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோ மூன்றிலும் டேக் கிடையாது. யூசியின் 2.4 என்பதை விண்ணப்பிக்கும் தகுதியாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். 2.4-இல் விண்ணப்பித்துவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்துக்காகக் காத்திருப்பது வீண்.

உண்மையான பெருவழி கால் ஸ்டேட்தான். 2010-இல் வந்த எஸ்பி 1440 சட்டத்தின்படி, மாற்றலுக்கென்றே வடிவமைத்த அசோசியேட் பட்டத்தை 60 யூனிட்டில், குறைந்தது 2.0 ஜிபிஏவோடு முடித்தவருக்கு கால் ஸ்டேட் அமைப்பில் மூன்றாம் ஆண்டு இடம் உறுதி. எந்த வளாகம் என்பது உறுதி இல்லை. சான் ஹோசே ஸ்டேட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பெரும் நெருக்கடி, அங்கே 2.0 எடுபடாது. அதே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் கால் ஸ்டேட் ஈஸ்ட் பேயும் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட்டும் அண்மை ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்து, வருபவர்களை வரவேற்கும் நிலையில் இருக்கின்றன. பேராசிரியர்கள் தரமானவர்கள், பட்டத்தில் இருப்பதும் கால் ஸ்டேட் பெயர்தான். ஃப்ரீமான்ட் பெண்ணின் வீட்டிலிருந்து ஹேவர்டில் உள்ள ஈஸ்ட் பே வளாகம் பக்கத்திலேயே இருக்கிறது. அவளுடைய அம்மாவுக்கு அந்தப் பெயர் பெர்க்லி போல் ஒலிக்காது என்பதைத் தவிர அதில் குறையொன்றும் இல்லை.

ஹேவர்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அங்குள்ள ஷாபோ கல்லூரி ஒரு கம்யூனிட்டி காலேஜ். 1974-இல் ஓக்லாந்தில் பள்ளி முடித்த ஒரு பையன், எஸ்ஏடி என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வில் மார்க் மோசமானதால், வேறிடத்துக்குப் பணமும் இல்லாததால் அங்கே சேர்ந்தார். பிறகு சாக்ரமென்டோவில் உள்ள கால் ஸ்டேட்டுக்கு மாறினார். நாடகத்தில் இறங்கியதால் பட்டத்தை முடிக்கவில்லை. அவர் டாம் ஹாங்ஸ். 2015 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையில், தன் வாழ்க்கைக்கே அந்தக் கல்லூரிதான் காரணம் என்று நன்றியோடு எழுதினார்.

படிப்பிலேயே உச்சம் தொட்டவர் வேண்டுமென்றால் கிரெய்க் வென்டர். பள்ளியில் சியும் டியுமாக வாங்கி, தட்டுத்தடுமாறி வெளியே வந்தவர். வியட்நாம் போரில் டா நாங் மருத்துவமனையில் கடற்படையின் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்துவிட்டுத் திரும்பியதும், சான் மாட்டேயோ கல்லூரி என்ற கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தார். அங்கிருந்து யூசி சான் டியாகோ. 1972-இல் உயிர்வேதியியலில் இளநிலைப் பட்டம், 1975-இல் முனைவர் பட்டம். 2000 ஜூனில் மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவை வெள்ளை மாளிகையில் அறிவித்தபோது அதிபர் கிளின்டன் பக்கத்தில் நின்ற இரண்டு விஞ்ஞானிகளில் ஒருவர் இவர். பள்ளி மார்க்கை மட்டும் பார்த்திருந்தால் எந்தப் பல்கலைக்கழகமும் அவரை உள்ளே விட்டிருக்காது.

சரி, ஜிபிஏவை ஏற்றிவிட்டால் எல்லாம் முடிந்ததா? ஜிபிஏ நன்றாக இருந்தும் மாற்றலில் சறுக்குபவர்கள் இருக்கிறார்கள். தவறான பாடங்களைப் படித்ததே காரணம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் யூனிட்டுகளில் 43 சதவீதத்தை இழந்ததாகக் கணக்கிட்டது. பணம் கட்டி, இரவு கண்விழித்துப் படித்த பாடம் புதிய இடத்தில் செல்லாக்காசாகிறது. கலிபோர்னியாவில் இதற்கு அசிஸ்ட் என்ற இணையதளம் இருக்கிறது. எந்தக் கம்யூனிட்டி காலேஜின் எந்தப் பாடம், எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தத் துறையில் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். இலவசம். பாடம் பதிவு செய்வதற்கு முன் பத்து நிமிடம் அதைப் பார்ப்பது, பிறகு ஒரு வருடத்தைக் காப்பாற்றும். நண்பர் சொன்னார், அக்கா எடுத்தாள் என்று பாடம் எடுப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

கால் ஸ்டேட் விண்ணப்பத்தில் பொதுவாகக் கட்டுரை கேட்பதில்லை. யூசி கேட்கிறது: நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 350 சொல். சுமாரான மார்க் உள்ளவருக்கு இந்த இடம் மிக முக்கியம். மாலையில் கடையில் வேலை பார்த்தது, தாத்தா ஆஸ்பத்திரியில் இருந்தது, மூன்று பேருந்து மாறி வகுப்புக்குப் போனது, நடந்ததை நடந்தபடி சொல்லலாம். பழி யார் மேலும் போட வேண்டாம். எஃப் எப்படி வந்தது என்பதற்கு இரண்டு வரி போதும். அதற்குப் பிறகு என்ன மாற்றிக்கொண்டாய் என்பதற்கு மீதி இடம் முழுவதையும் கொடுக்கலாம். வாரத்துக்கு 25 மணி நேர வேலையை 12 ஆகக் குறைத்தேன், வாரம் இரண்டு முறை பயிற்சி மையத்துக்குப் போனேன், கோடையில் அதே பாடத்தை எடுத்து பி வாங்கினேன் என்ற மூன்று வரி, உருக்கமான மூன்று பத்தியைவிடக் கனமானது.

இடம் கிடைத்த பிறகும் ஒரு சோதனை காத்திருக்கிறது. மாறிப்போன முதல் பருவத்தில் கிரேடு சட்டென்று இறங்குவதை 1965-லேயே ஆய்வாளர் ஜான் ஹில்ஸ் கவனித்து, மாற்றல் அதிர்ச்சி என்று அதற்குப் பெயரும் வைத்தார். பெரிய வகுப்பு, வேகமான பாடம், தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத வளாகம். யூசியில் பெரும்பாலான வளாகங்களில் பத்து வாரத்தில் பருவமே முடிந்துவிடும். முதல் தேர்வு மூன்றாம் நான்காம் வாரத்திலேயே வந்து நிற்கும். செமஸ்டர் பழக்கத்தில் வந்தவருக்கு மூச்சு வாங்கும். முதல் பருவத்தில் பாடச் சுமையைக் குறைவாக எடுப்பது நல்லது. பெரும்பாலானவர்கள் அடுத்தடுத்த பருவங்களில் மீண்டுவிடுகிறார்கள். யூசிக்கு மாற்றலில் வருபவர்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பேர் நான்கு ஆண்டுக்குள் பட்டத்தை முடித்துவிடுகிறார்கள்.

ஃப்ரீமான்ட் பெண்ணின் நிலையில் யாராவது இருந்தால், அல்லது அப்படி ஒரு பிள்ளையின் பெற்றோராக இருந்தால், ஒரு வேண்டுகோள். எல்லாக் கம்யூனிட்டி காலேஜிலும் மாற்றலுக்கு உதவும் ஆலோசகர் இருக்கிறார், மாணவருக்கு இலவசம். மதிப்பெண் பட்டியலை, எஃப் உட்பட, அப்படியே எடுத்துக்கொண்டு போய் அவர் முன் வையுங்கள். டேக் விண்ணப்பம் செப்டம்பர் 1-இல் திறந்து 30-ஆம் தேதி மூடும். கோடை வகுப்புக்கான பதிவு அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். இந்த வாரமே போங்கள்.